தாள் 61, பின்பக்கம்

இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
குழந்தையாக இருந்தால் வாந்தி எடுத்திருக்கும்.

மடத்து நூலகத்தில் எங்களுக்கு முன்னால்
ஈரம் வந்து உட்கார்ந்திருந்தது.
சிஸ்டர் எமரென்சி துணியைப் பிரித்தார்:
கன்றுத்தோலில் எழுதிய ஜெபப் புத்தகம்.
எந்தக் காப்பித் தோட்டத்துத் துரை
எந்தப் பெட்டியில் கொண்டுவந்து மறந்தானோ.
ஐந்நூறு வருஷம் இருக்கும் என்றவர்
கொஞ்சம் யோசித்து, ஐம்பதைக் கூட்டிக்கொள் என்றார்,
எடைக்குக் கொசுறு போடுவது மாதிரி.

எனக்கு லத்தீன் தெரியாது.
கம்பெனிப் படிவத்தில் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கட்டம்:
படத்தில் இருப்பது என்ன?
காலியாக விட்டால் சிவக்கும்.
தெரியவில்லை என்று அடித்தாலும் சிவக்கும்.

ஒன்பதாம் தாளில் தலையில் கொம்பு முளைத்த பெரியவர்.
பிசாசு என்று அடித்தேன்.
மோசே, என்றார் சிஸ்டர்.
ஒளி என்று படிக்க வேண்டிய சொல்லை
யாரோ கொம்பு என்று படித்துவிட்டார்களாம்.
திருத்தினேன். ஆனாலும்
கொம்பு அவருக்கு நன்றாகத்தான் இருந்தது.

முப்பத்துநாலின் ஓரத்தில்
இரும்புக் கவசம் போட்ட வீரன்
ஒரு நத்தை முன்னால் மண்டியிட்டுக் கிடக்கிறான்.
இதற்கு என்ன?
"அது யாருக்கும் தெரியாதும்மா" என்றவர்
ஜன்னல் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்த நிஜ நத்தையைக்
காகிதத்தில் ஏந்திப் போய்
மிளகுக்கொடியில் விட்டு வந்தார்.
நத்தை வென்றது என்று அடித்தேன்.
சிவக்கவில்லை.

பிறகு அறுபத்தொன்று.

ஆள் இல்லை. மரம் இல்லை. சிலுவைகூட இல்லை.
தாளின் நட்டநடுவில் செங்குத்தாக
வாதுமை வடிவத்தில் ஒரு சிவப்பு,
ஓரம் வெளிறி, உள்ளே போகப்போகக் கருத்து.
சுடரோ என்று நினைத்தேன்.
பிளந்த காப்பிப் பழமோ என்று.
இன்னொன்றும் நினைத்தேன்,
கன்னியாஸ்திரீ முன்னால் சொல்ல முடியாதது.
"எல்லாருக்கும் முதலில் அதுதான் தோன்றும்,
எனக்கும்" என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்தபடி.

ஈட்டி குத்திய விலா.
ஆண்டவரை விட்டுவிட்டு அவர் காயம் மட்டும்.
அடியில் உள்ள வரிக்கு அர்த்தம்:
இதுவே அதன் மெய்யான அளவு.

விதிப்படி என் அளவுகோலைப் பக்கத்தில் வைத்தேன்.
ஆறு சென்டிமீட்டர், நாலு மில்லி.
இரண்டில் எதை எது அளக்கிறது என்று
கேமரா கேட்கவில்லை.

விளக்குப் பிடித்திருந்த மாதேஸ்
காலையிலிருந்து வாய் திறக்காதவன்,
"உருவாரங்க்கா" என்றான்.
"ஆடியில கோட்டை மாரியம்மன் வாசல்ல விப்பாங்களே,
தகட்டுல தனிக் கண்ணு, தனிக் கையி.
எனக்குக் கண்ணுல முத்து போட்டப்ப
எங்கம்மா வாங்கிப் போட்டுச்சு.
நோவு எங்கயோ அதை மட்டும் போட்டாப் போதும்.
மிச்ச ஒடம்பு எதுக்கு?"

சிஸ்டர் அவனைப் புதிதாகப் பார்த்தார்.
"ஆனால் தம்பி, இது நாம் போட்டதில்லை.
அவர் போட்டது."

"அப்ப நோவு யாருக்குங்க?"

வெளியே சில்வர் ஓக் மரங்கள்
ஒவ்வொன்றாகப் பனிக்குள் போய்க்கொண்டிருந்தன.

கை வலித்ததோ என்னவோ
விளக்கைச் சற்றே சாய்த்தான்.
சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரிந்தது:
நடுவில் சாயம் போய், வெறும் தோல்
ஒரு வாய் அகலத்துக்கு.
பூச்சியா? இல்லை.
ஈரம்? அதுவும் இல்லை.
முத்தம், என்றார் சிஸ்டர்,
நாள் தவறாமல் யாரோ.

முதல் கட்டத்தில் காயம் என்று அடித்தேன்.
அடுத்த கட்டம் கேட்டது:
தாளில் சேதம் உண்டா, இல்லையா?

மாதேஸ் வயரைச் சுருட்டினான்.
வண்டி ஹாரன் அடித்தது.
இறங்கும் வழியெல்லாம் மடியில் திரை,
வளைவுக்கு வளைவு சாய்ந்தது.
வெள்ளைக்கல் சுரங்கம் கண்ணில் பட்டு,
கொண்டப்பநாயக்கன்பட்டி விளக்குகள் வந்த பிறகும்
அந்தக் கட்டம்
சிவப்பாகவே இருந்தது.